கல்லூரி ஐஸ் ஹாக்கி கணிப்புப் போட்டி: புள்ளிகளை எப்படிக் கொடுப்பது?

மார்ச் 23, 2025, ஞாயிறு மாலை

வாசகர் ஒருவர் கேட்டது: "கல்லூரி ஹாக்கிக்கு அலுவலகத்தில் ஒரு கணிப்புப் போட்டி நடத்தும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடைப்பந்துக்கு வைத்திருப்பதைப் போல முதல் சுற்றுக்கு 1 புள்ளி, பிறகு 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கினால் போதும்தானே? ஹாக்கிக்கென்று தனியாக யோசிக்க என்ன இருக்கிறது?"

போதாது. யோசிக்க நிறைய இருக்கிறது.

பேசப்போவது அமெரிக்கக் கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கி, என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) முதல் பிரிவு ஆண்கள் போட்டி. இன்று பிற்பகல்தான் 16 அணிகளின் பட்டியல் வந்தது. மான்செஸ்டர், டொலீடோ, ஃபார்கோ, ஆலன்டவுன் என்று நான்கு ஊர்களில் நான்கு மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் நான்கு அணிகள், தரநிலை 1 முதல் 4 வரை, பலமான அணிக்கு 1. தோற்றால் வீட்டுக்கு. நான்கு மண்டல வெற்றியாளர்களும் ஏப்ரல் 10 முதல் செயின்ட் லூயிஸில் ஃப்ரோசன் ஃபோர், அதாவது அரையிறுதிகளும் இறுதியும், ஆடுவார்கள்.

மொத்தம் 15 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே முடிவுகள். ஆகவே எல்லா ஆட்டங்களின் வெற்றியாளர்களையும் முன்கூட்டியே எழுதும் கணிப்புத் தாளை நிரப்ப 32,768 வழிகள் மட்டுமே. கூடைப்பந்தில் 63 ஆட்டங்களுக்கு இந்த எண்ணிக்கை 9-க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள் போட வேண்டிய அளவுக்குப் போகும். அங்கே முழுத் தாளையும் சரியாக நிரப்புவது நடக்காத காரியம். இங்கே அது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. கூடைப்பந்தின் சட்டையை அப்படியே ஹாக்கிக்கு மாட்டக்கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

மற்ற காரணங்களை நாளை எழுதுகிறேன். இப்போது பெண்கள் இறுதி ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்கப் போகிறேன். ஒஹையோ ஸ்டேட் 3-2 என்று முன்னணியில் இருக்க, 18.9 விநாடிகள் மிச்சமிருந்தபோது விஸ்கான்சினுக்குப் பெனால்டி ஷாட் கிடைத்தது. விஸ்கான்சினின் கிர்ஸ்டன் சிம்ஸ் அதைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலையும் அவரே போட்டார். இந்த ஆட்டத்துக்குக் கணிப்புப் போட்டி நடத்துபவர்கள் அரிது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மார்ச் 24

இரட்டிப்பு முறையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஆட்டங்களுக்கு 1, 4 ஆட்டங்களுக்கு 2, 2 ஆட்டங்களுக்கு 4, இறுதிக்கு 8. மொத்தம் 32. இதில் சாம்பியனைச் சரியாகச் சொன்னவருக்கு அந்த ஓர் அணியின் வழியாகவே 1+2+4+8, அதாவது 15 புள்ளிகள். கிட்டத்தட்டப் பாதி. மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்டாலும் அவர் மேலே நிற்கக்கூடும்.

கூடைப்பந்தில் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே பலமான அணி பெரும்பாலும் பலத்தைக் காட்டிவிடும். ஹாக்கி ஆட்டத்தில் விழுகிற கோல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். யாரோ ஒருவரின் ஸ்கேட்டில் பட்டு பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) திசை மாறினால் ஆட்டமே மாறிவிடும். அன்றைக்கு ஒரு கோலி (கோல் காப்பாளர்) மட்டும் உச்சத்தில் இருந்தாலும் போதும். சென்ற ஆண்டு இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? பருவம் முழுக்கக் கோல்களைக் குவித்த பாஸ்டன் கல்லூரி 35 முறை இலக்கை நோக்கி அடித்தது. டென்வரின் மாட் டேவிஸ் 35-ஐயும் தடுத்தார். டென்வர் 2-0.

முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2006-இல் ஹோலி கிராஸ், மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் வென்றது. 2009-இல் பெமிட்ஜி ஸ்டேட், நோட்டர் டேமை 5-1 என்று சாய்த்தது, பிறகு கார்னெலையும் வென்று கடைசி நான்கில் நுழைந்தது. 2018-இலும் 2019-இலும் நாட்டின் முதலிடத்தோடு உள்ளே வந்த செயின்ட் கிளவுட் ஸ்டேட், இரண்டு முறையும் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வியது. வென்றவர்கள் முதல்முறை ஏர் ஃபோர்ஸ், மறுமுறை அமெரிக்கன் இன்டர்நேஷனல்.

யேல் கதை இன்னும் பெரியது. 2013-இல் 16 அணிகளில் 15-ஆவது. அந்தப் பருவத்தில் குவினிபியாக்கிடம் மூன்று முறை தோற்றிருந்தது. இறுதி ஆட்டத்தில் அதே குவினிபியாக்கை 4-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து பிராவிடன்ஸ், அதுவும் நான்காம் தரநிலைதான், சாம்பியன் ஆனது.

இப்படிப்பட்ட விளையாட்டில் ஒரே கணிப்புக்குப் பாதிப் புள்ளிகளைத் தூக்கிக் கொடுத்தால், சாம்பியன் என்று தாங்கள் எழுதிய அணி முதல் வார இறுதியிலேயே வெளியேறியவர்கள் அத்தோடு பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். கணிப்புப் போட்டி நடத்துவதே நாலு பேர் கூடுதலாக ஆட்டம் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். கடைசி ஆட்டத்தன்று எத்தனை பேருக்கு இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறது? நான் ஒரு புள்ளி முறையை எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

ஆகவே நான் வைத்திருப்பது 2, 3, 4, 5. மொத்தம் 41. சாம்பியனைச் சரியாகச் சொன்னால் அந்த வழியில் 14, மூன்றில் ஒரு பங்கு. போதுமான வெகுமதி, ஆனால் மற்றவர்களை அது புதைத்துவிடாது.

மார்ச் 24, இரவு

"பலவீனமான அணியைத் துணிந்து எழுதுபவருக்குப் போனஸ் தர வேண்டாமா, வென்ற அணியின் தரநிலை எண்ணையே புள்ளியாகக் கொடுக்கலாமே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. சென்ற ஆண்டு முதல் சுற்றில் இதைப் போட்டுப் பாருங்கள்.

2024-இல் முதல் தரநிலை அணிகள் நான்கும் வென்றன. மூன்றாம் தரநிலையில் இருந்த குவினிபியாக், கார்னெல், மிச்சிகன் மூன்றும் தங்களைவிட மேலே இருந்தவர்களைத் தோற்கடித்தன. மேல்தரநிலையை மட்டுமே எழுதியவருக்கு 8-க்கு 5 சரி. கீழ்தரநிலையை மட்டுமே எழுதியவருக்கு 3 சரி. தரநிலை எண்ணைப் புள்ளியாகக் கொடுத்தால் முதலாமவருக்கு 1+1+1+1+2, ஆக 6. இரண்டாமவருக்கு 3+3+3, ஆக 9. நான்கு முதல் தரநிலை அணிகளும் வென்ற ஓர் ஆண்டிலேயே, அணிகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கீழே இருப்பதை எழுதியவர் முந்துகிறார் என்றால் அந்த முறை எதை அளக்கிறது?

துணிச்சலுக்குத் தனியாகக் கூலி வேண்டியதில்லை. யாரும் எழுதாத அணி வென்றால், எழுதிய ஒருவருக்கு மட்டும் புள்ளி கிடைக்கிறது. அதுவே கூலி.

மார்ச் 25

சமநிலை வந்தால் என்ன செய்வது?

எல்லோரும் செய்வது, இறுதி ஆட்டத்தில் மொத்தம் எத்தனை கோல் விழும் என்று கேட்பது. 2009-இலிருந்து சென்ற ஆண்டு வரையிலான இறுதி ஆட்டங்களை வரிசையாக எழுதினேன்: 7, 5, 5, 5, 4, 11, 7, 6, 5, 3, 3, 5, 6, 5, 2. 2020-இல் கொரோனாவால் போட்டியே இல்லை. பதினைந்தில் ஆறு முறை ஐந்து. கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் ஐந்து என்றுதான் எழுதுவார்கள். ஆளாளுக்கு ஐந்து எழுதினால் சமநிலை உடையாது.

ஃப்ரோசன் ஃபோரின் மூன்று ஆட்டங்களையும் சேர்த்துக் கேளுங்கள். 2021-இல் 19, அடுத்து 17, 20, சென்ற ஆண்டு 9. பரவலாக இருக்கிறது. கோலியை வெளியே எடுத்த பிறகு காலி வலையில் விழும் கோலும் கணக்கில் சேரும் என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கட்டாயம் சண்டைக்கு வருவார்.

முதலில் அனுப்பியவருக்கு முன்னுரிமை என்று மட்டும் வைக்காதீர்கள். ஞாயிறு இரவே அவசரமாக அனுப்பியவருக்குச் சாதகமாகவும், புதன்கிழமை வரை காயம் பட்ட வீரர்களின் செய்திகளைப் படித்து யோசித்தவருக்குப் பாதகமாகவும் போய்விடும்.

மார்ச் 26

நாளை முதல் ஆட்டம். இன்றே விதிகளை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். முதல் பக் விழுந்த பிறகு ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு 2021 காரணம்.

அந்த ஆண்டு நோட்டர் டேம் கொரோனா தொற்றால் விலகியது. பாஸ்டன் கல்லூரி ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது. மறுநாள் ஃபார்கோவில் ஆட்டத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்பு மிச்சிகனும் விலகியது. எதிரணியான மினசோட்டா டுலூத் ஆடாமலேயே முன்னேறியது. அன்று எங்கள் குழுவில் நடந்த வாக்குவாதம் எனக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது. டுலூத் எழுதியவர்கள், "நாங்கள் சொன்ன அணிதானே முன்னேறியது, புள்ளி கொடு" என்றார்கள். மிச்சிகனைச் சாம்பியனாக எழுதியவர்கள், "எங்கள் அணி தோற்கவே இல்லையே" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எழுதிவைத்த விதிதான் இல்லை.

இப்போது எழுதிவைத்திருப்பது இது: ஆடாத ஆட்டத்துக்கு யாருக்கும் புள்ளி இல்லை. விலகிய அணியின் பெயர் உங்கள் தாளில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எதிரணியின் பெயர் தானாக ஏறும். மிச்சிகனை நம்பியவருக்கு டுலூத் கிடைக்கும். இதில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் தோற்காத அணியை எழுதியதற்காக ஒருவரைப் போட்டியை விட்டே வெளியேற்றுவதைவிட இது மேல்.

அந்த டுலூத் அடுத்த நாளே நார்த் டகோட்டாவுடன் மோதியது. கடைசி இரண்டு நிமிடங்களில் நார்த் டகோட்டா இரண்டு கோல் போட்டுச் சமன் செய்ய, ஆட்டம் ஐந்து கூடுதல் நேரங்களுக்கு இழுத்தது. மொத்தம் 142 நிமிடம் 13 விநாடி. என்.சி.ஏ.ஏ. போட்டி வரலாற்றில் இதுவே மிக நீண்ட ஆட்டம். லூக் மிலிமோக் முடித்துவைத்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பட்டியலைத் திருத்த விழித்திருந்தேன். அடுத்த நாள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலும் அந்த ஆட்டத்தைப் பார்க்காமல் போயிருக்க எனக்கு மனம் வராது.

மற்ற விதிகள் சுருக்கமாக: தாள் பூட்டும் நேரம் நாளைய முதல் ஆட்டம் தொடங்கும் நேரம். எந்த நேர மண்டலம் என்று தெளிவாக எழுதுங்கள், டொலீடோ கிழக்கு நேரம், ஃபார்கோ மத்திய நேரம். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிகளையும் வட்டமிட்டால் பூஜ்யம். பூட்டியவுடன் எல்லோருடைய தாள்களையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இது மிக முக்கியம். முன்பு நாங்கள் பயன்படுத்திய ஓர் இணையதளம் ஆட்டம் தொடங்கிய பிறகும் கணிப்பை மாற்றவிட்டது. அன்றிலிருந்து சாதாரண கூகுள் ஷீட்தான். பூட்டிய தாளைப் படமாக எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மார்ச் 26, பிற்பகல்

பணம் பற்றிக் கேட்டவருக்கு: நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். என்.சி.ஏ.ஏ. விதிப்படி கல்லூரி வீரர்களும் விளையாட்டுத் துறை ஊழியர்களும் விளையாட்டுப் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது. பணம் கட்டிப் பரிசு வெல்லும் அலுவலகக் கணிப்புப் போட்டியும் அதில் சேரும். உங்கள் குழுவில் ஒருவர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் பகுதிநேர வேலை பார்க்கலாம், இன்னொருவரின் மகள் கல்லூரி அணியில் நீச்சல் வீராங்கனையாக இருக்கலாம். அவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது. எங்கள் பரிசு ஒரு பழைய பக். வென்றவர் பெயரை வெள்ளை மையில் எழுதுவோம்.

மார்ச் 27, நள்ளிரவு நெருங்குகிறது

கார்னெல்!

டொலீடோவில் முதல் தரநிலை மிச்சிகன் ஸ்டேட்டை 4-3 என்று வென்றுவிட்டது. வெற்றி கோல் கடைசி விநாடிகளில். இ.சி.ஏ.சி. என்ற தன் லீகின் கோப்பையை வென்றதால் மட்டுமே இந்தப் போட்டிக்குள் வந்த அணி. பயிற்சியாளர் மைக் ஷேஃபருக்கு இது முப்பதாவது பருவம், கடைசிப் பருவமும்கூட. அவருக்கு இன்னும் ஓர் ஆட்டம் கிடைத்திருக்கிறது.

ஃபார்கோவில் வெஸ்டர்ன் மிச்சிகன், மினசோட்டா ஸ்டேட்டை வெல்ல இரண்டாவது கூடுதல் நேரம் வரை போக வேண்டியிருந்தது, 2-1. மாசசூசெட்ஸ், மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 5-4. பாஸ்டன் பல்கலைக்கழகம் மட்டும் ஒஹையோ ஸ்டேட்டை 8-3 என்று அடித்து நொறுக்கியது.

எங்கள் பட்டியலில் மிச்சிகன் ஸ்டேட்டைச் சாம்பியனாக எழுதியவர்கள் கணிசம்.

மார்ச் 28

பென் ஸ்டேட் 5, மெய்ன் 1. நான்காம் தரநிலைக்கு இரண்டாவது வெற்றி.

இதைக் கணித்த ஒரே ஆள் எங்கள் குழுவில் ஹாக்கியே அதிகம் பார்க்காத ஒரு சக ஊழியர். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "ஆட்டம் ஆலன்டவுனில். பென்சில்வேனியாவில் பென்சில்வேனியா அணி. வேறென்ன யோசிக்க வேண்டும்?" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மண்டலங்கள் பெயருக்குப் பொது மைதானங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் ஏற்று நடத்துவது ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரி தகுதி பெற்றுவிட்டால் அதை அதே மண்டலத்தில்தான் போட வேண்டும். ஃபார்கோவை நடத்துவது நார்த் டகோட்டா, மான்செஸ்டரை நியூ ஹாம்ப்ஷயர், டொலீடோவை பௌலிங் கிரீன். மூன்றுமே இந்த முறை தகுதி பெறவில்லை. ஆலன்டவுனை நடத்தும் பென் ஸ்டேட் மட்டும் உள்ளே. அரங்கம் முழுக்க அவர்கள் ஆட்கள். அடுத்த ஆண்டிலிருந்து தாளை அனுப்பும்போது நடத்தும் கல்லூரியின் பெயரையும் ஒவ்வொரு மண்டலத்துக்கும் பக்கத்தில் எழுதப்போகிறேன். புதிதாக வருபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 30

மண்டலங்கள் முடிந்தன. டென்வர் 3-1 பாஸ்டன் கல்லூரி. பாஸ்டன் பல்கலைக்கழகம் 3-2 கார்னெல், கூடுதல் நேரத்தில். ஷேஃபரின் பயணம் அங்கே முடிந்தது. வெஸ்டர்ன் மிச்சிகன் 2-1 மாசசூசெட்ஸ். பென் ஸ்டேட் 3-2 கனெக்டிகட், இதுவும் கூடுதல் நேரம். பிக் டென் என்ற தன் லீக் ஆட்டங்களில் ஆரம்பத்தில் அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்த அணி, வரலாற்றில் முதன்முறையாக ஃப்ரோசன் ஃபோருக்குப் போகிறது.

முதல் தரநிலையில் மிஞ்சியது வெஸ்டர்ன் மிச்சிகன் மட்டும்.

24-ஆம் தேதிக் கணக்குக்குத் திரும்புகிறேன். எல்லா ஆட்டத்திலும் மேல்தரநிலையை எழுதியவருக்கு முதல் சுற்றில் இந்த ஆண்டும் 8-க்கு 5. ஆனால் மண்டல இறுதியில் நான்குக்கு ஒன்று. ஒட்டுமொத்த முதலிடத்தில் இருந்த பாஸ்டன் கல்லூரிதான் அவருடைய சாம்பியன் என்பதால் இனி அவருக்கு ஒன்றும் வராது. இரட்டிப்பு முறையில் 32-க்கு 7 புள்ளிகள். என் முறையில் 41-க்கு 13. சென்ற ஆண்டு அதே ஆள் 15-உம் 23-உம் வாங்கியிருப்பார். தரநிலை எண்ணைப் புள்ளியாக்கும் முறையில் இந்த ஆண்டு முதல் சுற்று: மேல்தரநிலைக்காரர் 8, கீழ்தரநிலைக்காரர் 11. இரண்டு ஆண்டுகளும் ஒரே கதை. அந்த யோசனையை இனி நான் எடுக்கப்போவதில்லை.

வேறொரு விஷயம். தொலைக்காட்சியில் சில மண்டல ஆட்டங்களின் காலி இருக்கைகளைப் பார்க்கவே மனம் கனத்தது. ஞாயிறு அறிவித்து வியாழன் ஆட்டம் என்றால் மாணவர்கள் எப்படி விமானம் பிடித்து வருவார்கள்? முதல் சுற்றையாவது மேல்தரநிலைக் கல்லூரியின் சொந்த அரங்கில் வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. நான் அதற்கு ஆதரவு. பெண்கள் போட்டியில் கால் இறுதி வரை அப்படித்தான் நடக்கிறது, மாணவர்களின் இரைச்சலே ஆட்டத்துக்கு இன்னோர் உயரம் கொடுக்கிறது. அப்படி மாறினால் கணிப்பும் மாறும். சொந்த அரங்கில் முதல் தரநிலையைச் சாய்ப்பது இன்னும் கடினமாகும். அப்போது என் 2, 3, 4, 5-ஐயும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 3

தாளில் உயிர் போனவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: கொடுங்கள். ஆனால் தனிப் பட்டியலாக. மிச்சமிருப்பது மூன்று ஆட்டங்கள், எட்டே வகை முடிவுகள். ஆகவே வெற்றியாளரோடு கோல் கணக்கையும் கேளுங்கள். சரியான வெற்றியாளருக்கு 3, கோல் வித்தியாசமும் சரியாக இருந்தால் இன்னும் 1, துல்லியமான கோல் கணக்குக்கு மேலும் 2. முதல் பட்டியலோடு இதைக் கூட்டாதீர்கள். கூட்டினால் முதல் வாரம் நன்றாகச் செய்தவரின் உழைப்பு நீர்த்துப்போகும்.

எங்கள் குழுவில் முதல் வாரம் மௌனமாகிப்போனவர்கள் இதற்காகத் திரும்பி வந்திருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கோலி மிகைல் யெகோரோவ் ஜனவரியில்தான் அணிக்கு வந்தார் என்பதை எனக்குச் சொன்னதே, தன் தாளில் ஓர் அணிகூட மிஞ்சாத ஒருவர்தான். அவர் போய்ப் படித்திருக்கிறார். எனக்கு வேண்டியது இதுதான்.

ஏப்ரல் 10, இரவு

வெஸ்டர்ன் மிச்சிகன் 3, டென்வர் 2. மறுபடி இரண்டாவது கூடுதல் நேரம். கடந்த மாதம் தங்கள் லீக் கோப்பைக்கான ஆட்டத்திலும் இதே டென்வரை இதே போல இரண்டாவது கூடுதல் நேரத்தில்தான் வென்றார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகம் 3, பென் ஸ்டேட் 1.

எங்கள் பட்டியல் இப்போது இருவருக்கு இடையில். முன்னணியில் இருப்பவர் 23 புள்ளிகள், அவருடைய சாம்பியன் பாஸ்டன் பல்கலைக்கழகம். அடுத்தவர் கலமசூ ஊரில் உள்ள வெஸ்டர்ன் மிச்சிகனில் படித்த ஒரு பெண், 18 புள்ளிகள், வருடம் தவறாமல் தன் கல்லூரியையே சாம்பியனாக எழுதுபவர். பாஸ்டன் வென்றால் 28-க்கு 18. வெஸ்டர்ன் மிச்சிகன் வென்றால் 23-க்கு 23.

அப்படி வந்தால் கோல் எண்ணிக்கை. மூன்று ஆட்டங்களுக்கும் முன்னணியில் இருப்பவர் சொன்னது 16, கலமசூக்காரர் சொன்னது 13. இதுவரை விழுந்தவை 9. இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல் வரை விழுந்தால் கலமசூக்காரர், ஆறோ அதற்கு மேலோ என்றால் முன்னணியில் இருப்பவர். சனிக்கிழமை குழுவில் எல்லோரும் பார்க்கப்போகிறார்கள்.

ஏப்ரல் 12

வெஸ்டர்ன் மிச்சிகன் 6, பாஸ்டன் பல்கலைக்கழகம் 2. வெஸ்டர்ன் மிச்சிகனுக்கு ஹாக்கியில் முதல் தேசியப் பட்டம். பயிற்சியாளர் பாட் ஃபெர்ஷ்வைலரின் அணி தகுதியோடு வென்றது.

எட்டு கோல்கள். மொத்தம் 17. ஆகவே பரிசு, 16 என்று எழுதிய பாஸ்டன்காரருக்கு.

ஏப்ரல் 13

நேற்று ஒரு வரியில் முடித்தேன். இன்று நிதானமாக எழுதுகிறேன்.

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "சாம்பியனைச் சரியாகச் சொன்னவர் தோற்றார், தவறாகச் சொன்னவர் வென்றார். உங்கள் முறை இதையா நியாயம் என்கிறது? இரட்டிப்பு முறையில் அந்தப் பெண் தெளிவாக வென்றிருப்பாரே?"

கணக்குச் சரிதான். அவர் முதல் சுற்றில் 4, மண்டலத்தில் வெஸ்டர்ன் மிச்சிகனும் பாஸ்டன் பல்கலைக்கழகமும், பிறகு வெஸ்டர்ன் மிச்சிகன் மட்டும். இரட்டிப்பில் 4+4+4+8, ஆக 20. முன்னணியில் இருந்தவர் முதல் சுற்றில் 5, மண்டலத்தில் 3, அரையிறுதியில் 1. இரட்டிப்பில் 5+6+4, ஆக 15. ஐந்து புள்ளி வித்தியாசம்.

ஆனால் இரட்டிப்பு முறையில் இறுதி ஆட்டத்துக்கு முன் நிலைமை என்ன? அதே இருவர்தான். பாஸ்டன் வென்றால் 23-க்கு 12. வெஸ்டர்ன் மிச்சிகன் வென்றால் 20-க்கு 15. அந்த ஓர் ஆட்டம் எல்லாவற்றையும் தீர்க்கும். வெஸ்டர்ன் மிச்சிகன் அதற்கு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே இரண்டாவது கூடுதல் நேரம். மினசோட்டா ஸ்டேட் ஒரு பக்கைத் தள்ளியிருந்தால் சாம்பியன் மார்ச் 27 அன்றே வீட்டுக்குப் போயிருக்கும். அரையிறுதியிலும் அப்படியே. சாம்பியனை முன்கூட்டியே சொல்வதும் பெரிய அளவில் அதிர்ஷ்டம்தான். அதற்குப் பாதிப் புள்ளி கிடையாது என்பதில் நான் மாறவில்லை.

மாறியது ஒன்றில். இருவரும் 23-இல் நிற்கும்போது, அவர்களைப் பிரிக்க கோல் எண்ணிக்கைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "சாம்பியனை யார் சொன்னார்கள்?" என்பதுதான். மொத்தப் புள்ளிகள் சமம் என்றால், ஓர் அணியை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நம்பியவருக்கு அந்த ஓர் அடி முன்னுரிமை நியாயம். காலி வலையில் விழும் கோல்கள் அதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு விதியில் முதல் சமநிலை உடைப்பு: சாம்பியன். இரண்டாவது: இறுதி ஆட்டத்துக்கு வந்த அணிகளில் எத்தனை சரி. மூன்றாவதுதான் கோல்கள்.

இந்த ஆண்டு முடிவு அப்படியே நிற்கும். 26-ஆம் தேதி எழுதிய விதிப்படி வென்றவர் அவர். நேற்று இரவே சிலர் இருவருக்கும் பரிசு கொடுக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். ஒருமுறை இளகிவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் விதியைப் படிக்கமாட்டார்கள். கலமசூக்காரரிடம் பேசினேன். "பக்கை அவரே வைத்துக்கொள்ளட்டும், கோப்பை எங்களிடம் இருக்கிறது" என்றார்.

ஏப்ரல் 15

கடைசியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: பெண்கள் போட்டிக்கும் இதே தாளைப் பயன்படுத்தலாமா?

அப்படியே முடியாது. அங்கே 11 அணிகள், 10 ஆட்டங்கள், 1,024 வகைத் தாள்கள். முதல் சுற்றில் மூன்றே ஆட்டங்கள். ஐந்து அணிகள் நேராகக் கால் இறுதிக்குப் போகின்றன. கால் இறுதி வரை மேல்தரநிலை அணிகளின் சொந்த அரங்கம் என்பதால் பலமான அணிகள் பெரும்பாலும் நிலைக்கும். அதனால் முதல் சுற்றுக்கு 1, கால் இறுதிக்கு 2, அரையிறுதிக்கு 4, இறுதிக்கு 6 என்று கொஞ்சம் செங்குத்தாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். மொத்தம் 3+8+8+6, ஆக 25. ஆட்டங்கள் குறைவாக இருப்பதால் சமநிலை அதிகம் வரும், ஆகவே மூன்று சமநிலை உடைப்புகளும் கட்டாயம்.

அடுத்த மார்ச்சில் ஆண்கள் போட்டிக்கு முன்பே இதை நடத்தப்போகிறேன். தாளின் முதல் வரைவு தயாரானதும் இங்கேயே போடுகிறேன், ஓட்டைகள் இருந்தால் சொல்லுங்கள்.